ஆர்15 பைக்கில் 2:24: குறை பைக்கிலா, ஓட்டுபவரிடமா?

யமஹா ஆர்15 வி3 பைக்கில், சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் இரண்டாவது டிராக் டே (சொந்த பைக்கை டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) முடித்திருக்கிறீர்கள். சிறந்த லேப் 2:24.3, அதாவது டிராக்கை ஒரு முழுச் சுற்று சுற்ற 2 நிமிடம் 24.3 வினாடி. அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் 2:15 போட்டதாகச் சொல்கிறார். "என் டைம் ரொம்ப மோசமா? எக்ஸாஸ்ட், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), டயர் இதில் எதை முதலில் மாற்றினால் டைம் குறையும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டது, நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த ஒன்பது வினாடி பைக்கில் இருக்கிறதா, உங்களிடம் இருக்கிறதா என்பதுதான். நல்லவேளையாக லேப் டைமர் ஆப்பின் படத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். பதிலில் பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது.

புதிதாக டிராக்குக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். கொஞ்சம் பந்தயமும் ஓட்டியிருக்கிறேன், பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே இது தொடக்கநிலையிலும் நடுநிலையிலும் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு. தேசிய சாம்பியன்ஷிப்பில் கடைசி அரை வினாடிக்காக அடித்துக்கொள்பவர்களுக்கு இது உதவாது.

முதலில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். டிராக்கின் நீளம் 3.717 கி.மீ., 12 வளைவுகள். 2:24.3 என்றால் சராசரி வேகம் மணிக்கு 92.7 கி.மீ. 2:15 என்றால் 99 கி.மீ. ஆக, உங்கள் நண்பர் உங்களைவிடச் சராசரியில் ஆறரை கி.மீ. வேகம் கூடுதல், அவ்வளவுதான். வளைவுக்கு முக்கால் வினாடி என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கோ ஓரிடத்தில் ஒன்பது வினாடியை மொத்தமாகத் தொலைக்கவில்லை, ஒவ்வொரு வளைவிலும் சில்லறையாகச் சிந்திக்கொண்டு போகிறீர்கள். இரண்டாவது டிராக் டேக்கு, கம்பெனி டயரோடு வந்த 155 சிசி பைக்குக்கு, இது வெட்கப்படும் டைம் இல்லை. உங்கள் நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நண்பரின் 2:15 பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பிடுமுன் அவரிடம் சில கேள்வி கேளுங்கள். எதை வைத்து அளந்தார்? பந்தயங்களில் பைக்கில் டிரான்ஸ்பாண்டர் என்ற சிக்னல் அனுப்பும் சின்னக் கருவியை மாட்டி, டிராக்கில் பதித்த கம்பிச் சுருளைக் கடக்கும்போது நேரம் எடுப்பார்கள். அதை நம்பலாம். தனியாக வாங்கும் ஜிபிஎஸ் கருவிகள் வினாடிக்கு 10 முறை, சில 25 முறை இடத்தைக் குறிக்கின்றன, அதுவும் சரி. கைப்பேசியின் சொந்த ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறைதான் குறிக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் பைக் 28 மீட்டர் போய்விடுகிறது. நடுவில் இருப்பதை ஆப் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. அதனால் கைப்பேசி காட்டும் டைமில் தசம இலக்கத்தை நம்பாதீர்கள். பிட் (டிராக் ஓரத்தில் பைக்குகள் நிற்கும் இடம்) சுவரில் நின்று ஸ்டாப்வாட்ச் அமுக்குவதும் ஏறத்தாழ அதே ரகம்தான். கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக்கில் போட்ட டைமைக் கொண்டுவந்து இதோடு ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு நீளம், வேறு வளைவுகள், பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது எடை. நண்பர் 65 கிலோ, நீங்கள் 90 கிலோ என்றால், 140 கிலோ அளவிலான பைக்கோடு சேர்த்து மொத்த எடை 205-க்கும் 230-க்கும் போகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல். லிட்டர் பைக்கில், அதாவது 1000 சிசி பைக்கில், இது கண்ணுக்குத் தெரியாது. 19 பிஎஸ் சக்தி மட்டுமே உள்ள பைக்கில் ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியேறும்போது தெரியும். அப்புறம், அவர் வேகமான பைக் ஒன்றின் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வந்த லேப்பா என்றும் கேளுங்கள். சின்ன பைக்குகளுக்கு அது நேர்ப்பாதையில் இலவசமாகக் கிடைக்கும் வேகம். டிசம்பர் காலையில் போட்டதா, மே மாத மதியத்தில் போட்டதா என்பதும் முக்கியம். 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி சுமார் நான்கு சதவீதம் குறைகிறது. இன்ஜின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். ஆறு லேப்: 2:31, 2:27, 2:24.3, 2:33, 2:26, 2:29. எல்லாரும் நடுவில் இருக்கும் 2:24.3-ஐப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது 24-க்கும் 33-க்கும் இடையில் இருக்கும் ஒன்பது வினாடியை. நண்பருக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் உங்களுக்கும் உங்களுக்குமே இருக்கிறது. ஆறு லேப்பையும் 2:26-க்குள் முடிப்பவர் ஒருவர் வந்தால், சிறந்த லேப் உங்களுடையதைவிட மெதுவாக இருந்தாலும் அவரைத்தான் முன்னால் வைப்பேன். அவர் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது, அதனால் ஒன்றை மாற்றிப் பார்த்தால் அதன் பலன் டைமில் தெரியும். உங்கள் நிலையில் டயர் மாற்றி மூன்று வினாடி குறைந்தாலும், அது டயரால் குறைந்ததா, அன்றைக்கு அமைந்ததா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்த 2:33 லேப்பில் யாராவது குறுக்கே வந்தார்களா, மஞ்சள் எச்சரிக்கைக் கொடி காட்டினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முதல் லேப்பையும் பிட்டுக்குத் திரும்பும் லேப்பையும் எப்போதும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மிச்சமிருப்பவற்றில் நடுவில் வரும் டைம்தான் உங்கள் உண்மையான டைம். உங்களுக்கு அது 2:26, 2:27 பக்கம்.

அதே படத்தில் டிராக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உங்கள் சிறந்த நேரத்தைக் கூட்டி, 2:20.8 என்று ஆப் காட்டுகிறது. அதாவது புதிதாக எதுவும் கற்காமல், ஏற்கெனவே செய்ததை ஒரே லேப்பில் சேர்த்துச் செய்தாலே மூன்றரை வினாடி கிடைக்கும் என்று அது சொல்கிறது. இதை முழுக்க நம்ப வேண்டாம். ஒரு பகுதியின் கடைசி வளைவில் அகலமாக ஓடி நேரம் மிச்சம் பிடித்திருந்தால், அதற்கான விலையை அடுத்த பகுதியின் தொடக்கத்தில் கொடுத்திருப்பீர்கள், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஆனாலும் கூட்டுத்தொகைக்கும் நிஜ லேப்புக்கும் இடைவெளி மூன்று வினாடிக்கு மேல் இருந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு பைக் கடைக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை என்றுதான் நான் படிப்பேன். அது ஒரு வினாடிக்குள் வந்த பிறகு பைக்கைப் பற்றிப் பேசலாம்.

பைக்கா ஆளா என்பதற்கு ஊகமே தேவையில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரிடம் உங்கள் பைக்கைக் கொடுத்து மூன்று லேப் ஓட்டச் சொல்லுங்கள், அதே டைமரோடு. அவர் 2:14-இல் வந்தால் பைக்கில் குறை இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். 2:22-இல் வந்து, "முன் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கிறது, பின் சஸ்பென்ஷன் ஆடுகிறது" என்றால் அதுவும் தெரிந்துவிடும். கீழே போட்டால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பைக் கொடுக்க மனமில்லை என்றால், அவரை உங்கள் முன்னால் உங்கள் வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டச் சொல்லிப் பின்தொடருங்கள். எங்கே அவர் உங்களை விட்டு விலகுகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அநேகமாக நேர்ப்பாதையில் விலக மாட்டார். வளைவின் உள்ளே, நீங்கள் இன்னும் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறக்காத இடத்தில் விலகுவார்.

புதியவர்களின் நேரம் போவது அங்கேதான். கேடிஎம் ஆர்சி 200 பைக் ஓட்டும் ஒருவரின் வேக வரைபடத்தைப் பார்த்தேன். கோடு 112 வரை ஏறுகிறது. பிரேக் பிடித்ததும் செங்குத்தாக 70-க்கு இறங்குகிறது. அடுத்து வரும் ஒன்றரை வினாடிக்குக் கோடு மெல்லச் சரிந்து 63-க்கு வருகிறது, அதன் பிறகுதான் ஏறத் தொடங்குகிறது. அந்தச் சரிவில் அவர் பிரேக்கும் பிடிக்கவில்லை, த்ராட்டிலும் முறுக்கவில்லை. பைக் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. கேட்டால், "வளைவுக்குள் பயமாக இருந்தது, அதனால் சீக்கிரமே பிரேக் பிடித்து முடித்துவிட்டேன்" என்கிறார். பன்னிரண்டு வளைவிலும் இதே கதைதான். உங்கள் வரைபடத்தை நான் பார்க்கவில்லை, இருந்தாலும் இந்தச் சரிவு அதிலும் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

இதற்கு எல்லாரும் முதலில் தேடும் மருந்து, "இன்னும் லேட்டாக பிரேக் பிடி" என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-லிருந்து 70-க்கு வேகத்தைக் குறைக்க ஓரளவு அழுத்தமான பிரேக்கில் சுமார் 61 மீட்டர் ஆகும். அதையே ஐந்து மீட்டர் தள்ளி, அதற்கேற்ப இன்னும் அழுத்தமாகப் பிடித்து, அதே இடத்தில் அதே 70-க்கு வந்தால் மிச்சமாவது 0.04 வினாடிகூட இல்லை. இதற்காகத்தான் ஆட்கள் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு மணலில் போய்ப் படுக்கிறார்கள். மறுபக்கம், வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்று கி.மீ. வேகம் கூடுதலாக இருந்தால், அடுத்து 400 மீட்டர் நேர்ப்பாதை இருப்பதாக வைத்துக்கொண்டால், கால் வினாடி கிடைக்கிறது. வளைவுக்குள்ளேயும் அப்படித்தான். 40 மீட்டர் ஆரமுள்ள செங்கோண வளைவு ஒன்றை 60 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 3.77 வினாடி, 63-இல் எடுத்தால் 3.59. இந்த வித்தியாசத்துக்குத் தேவைப்படும் கூடுதல் சாய்வு மூன்று டிகிரிதான், 35-லிருந்து 38. இவை காகிதக் கணக்குகள். நிஜ வளைவில் ஆரம் மாறும், தரை ஏறி இறங்கும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை மாறாது.

உங்கள் பைக்குக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பெரிய பைக்கில் வளைவில் ஐந்து கி.மீ. தொலைத்தால் மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கி மீட்டுவிடலாம். ஆர்15 போன்ற பைக்கில் 100-ஐ நெருங்கிய வேகத்தில் அந்த ஐந்தைத் திரும்பப் பெற ஒரு வினாடிக்கு மேல் ஆகும். கியரையும் கவனியுங்கள். வி3-இன் விவிஏ (இன்ஜின் வேகத்துக்கேற்ப வால்வு இயக்கத்தை மாற்றும் அமைப்பு) 7,400 ஆர்பிஎம்மில் மாறுகிறது, உச்ச சக்தி 10,000 பக்கத்தில். வளைவின் நடுவில் ஆர்பிஎம் 6,000-இல் கிடந்தால், நீங்கள் ஒரு கியர் மேலே இருக்கிறீர்கள். இன்ஜின் அலறுகிறதே என்று ரோட்டுப் பழக்கத்தில் கியரை ஏற்றிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

எப்படிப் பழகுவது? அடுத்த டிராக் டேயில் ஒரு முழு செஷனுக்கு டைமரை மூடி வைத்துவிட்டு, சாதாரண வேகத்தில் எழுபது சதவீதம்தான் போவேன் என்று தீர்மானித்துக்கொண்டு, ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். டிராக் பயிற்சிப் பள்ளிகளில் கொடுக்கும் பழைய பாடம் இது. பிரேக் இல்லை என்றதும், வளைவுக்கு எந்த வேகத்தில் வருகிறோம் என்பதை மூளை தானாகக் கணிக்கத் தொடங்கும். பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆகாமல், உங்கள் குழுவின் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுத்த செஷனில் பிரேக்கைச் சேர்த்துக்கொண்டு, மூன்றே மூன்று வளைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடிக்கும் இடம், பைக்கைச் சாய்க்கும் இடம், உள்விளிம்பைத் தொடும் இடம் என்று தரையில் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும். ஒட்டுப்போட்ட தார், கெர்பின் (டிராக் ஓரத்து வண்ணக் கரை) வண்ணம் மாறும் இடம், எதுவானாலும் சரி. நிழல் உதவாது, மதியம் நகர்ந்துவிடும். பிட்டுக்கு வந்ததும் அந்த மூன்று அடையாளங்களையும் பேப்பரில் எழுத முடிகிறதா பாருங்கள். எழுத முடியாத வளைவில்தான் உங்கள் லேப் டைம் ஒன்பது வினாடி ஆடுகிறது.

மெயின் ஸ்ட்ரெயிட் என்ற நேர்ப்பாதை முடிந்து வரும் முதல் வளைவான சி1 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது வேகமான வலது வளைவு. உங்கள் ரக பைக்குகளில் அனுபவசாலிகள் அங்கே த்ராட்டிலை மிகக் கொஞ்சமாகத்தான் மூடுவார்கள், சிலர் மூடுவதே இல்லை. புதியவர்கள் அங்கே முழுசாக மூடிவிடுவார்கள், கையில் இருந்த வேகம் எல்லாம் போய்விடும். உடனே நீங்களும் திறந்துகொண்டே போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லேப்புக்கு லேப் கொஞ்சம் குறைவாக மூடுங்கள், பார்வையை முன்சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் வளைவு திறக்கும் இடத்தில் வையுங்கள். அந்த ஒரு வளைவில் வரும் நம்பிக்கை மற்ற பதினொன்றுக்கும் பரவுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

வளைவில் முட்டியைத் தரையில் தேய்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கூடவே போட்டிருக்கும் நீங்கள் ஓட்டும் படங்களைப் பார்த்தால் அதற்கு முயற்சி செய்கிறீர்கள் என்று தெரிகிறது. இடுப்பு வெளியே வந்திருக்கிறது, தலையும் தோளும் பைக்கின் நடுவிலேயே நிற்கின்றன. இதில் பயன் குறைவு, கைப்பிடியில் தொங்குவதால் ஸ்டீயரிங்கும் இறுகிப்போகும். மேல் உடம்பு உள்ளே வரட்டும், வெளிப்பக்கத் தொடை டேங்கில் பூட்டிக்கொள்ளட்டும், முட்டி தானாக வந்து தொடும்போது தொடட்டும்.

இனி பணம் செலவழிக்கும் விஷயம். டயர்தான் முதல், அதிலும் காற்றழுத்தம் முதலில். அதற்குக் காசே வேண்டாம், நல்ல கேஜ் ஒன்று போதும். குளிர்ந்த நிலையில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்ளே இருக்கும் காற்று 40 டிகிரி சூடேறினால் 36-க்கு வந்துவிடும். காலையில் வைத்ததை மதியம் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் டயர் வழுக்குகிறது என்று புகார் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். செஷன் முடிந்து வந்த உடனே, சூட்டோடு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் சரி என்பது டயருக்கு டயர் மாறும், டயர் கம்பெனியின் டிராக் பரிந்துரையைக் கேட்டு அதிலிருந்து தொடங்குங்கள். பழைய டயர் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றுங்கள். பிடிமானம் கூடுவதைவிட, டயரை நம்பும் மனசு கூடுவதுதான் புதியவருக்குப் பெரிய லாபம். அப்புறம் பிரேக் பேட், புது பிரேக் ஆயில், டேங்கில் தொடை வழுக்காமல் இருக்க ரப்பர் கிரிப். சஸ்பென்ஷனைப் பற்றி இங்கிருந்து நான் ஒன்றும் சொல்ல முடியாது, பைக்கில் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்டும் ஈசியுவும் கடைசி. அவற்றால் நேர்ப்பாதையில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் உங்கள் நேரம் போவது நேர்ப்பாதையில் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பயிற்சி முகாமும் இன்னொரு டிராக் டேயும் வரும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். லீதர் சூட்டுக்குள் இருபது நிமிடம் என்பது லேசான விஷயம் இல்லை. காலையின் இரண்டாவது, மூன்றாவது செஷன்களில்தான் பெரும்பாலோரின் சிறந்த டைம் வருகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டைம் ஏறும், கவனம் சிதறும், விழுவதும் அப்போதுதான் அதிகம். இடையிடையே மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடியுங்கள். "கடைசியாக இன்னும் ஒரே லேப்" என்று தோன்றினால் அதுவே பிட்டுக்குள் வர வேண்டிய லேப். சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். டிராக்கில் விழுந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் வரும் என்று நம்பி எந்த ரிஸ்க்கும் எடுக்காதீர்கள். சில டிராக் டே நடத்துபவர்கள் தொடக்கக் குழுவில் டைமரையே அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போய்விட்டு வந்ததும் சிறந்த லேப்பின் வேக வரைபடம், உங்கள் எடை, சூட்டில் அளந்த டயர் அழுத்தம் மூன்றையும் இங்கே போடுங்கள். முடிந்தால் நண்பரின் வரைபடத்தையும் வாங்கிப் போடுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எந்த வளைவில் எவ்வளவு போகிறது என்று சொல்லிவிடலாம்.